அக்டோபரில் டெல்லியிலிருந்து மலையேற்றம்: ஏரிக்கு அவசரம், உச்சிக்கு நிதானம்

கேட்டிருப்பது இதுதான். மயூர் விஹார் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் அலுவலக நண்பர்களுமாகப் பதினான்கு பேர். பாதிப் பேர் மலை ஏறியதே இல்லை. கூடவே ஒன்பது வயதுப் பையன் ஒருவன், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற அறுபது தாண்டிய மாமா ஒருவர். அக்டோபரில் ஐந்து நாள் கிடைக்கும். மலைமேல் ஓர் ஏரி பார்க்க வேண்டும், பனிச் சிகரங்கள் வரிசையாகத் தெரிகிற ஓர் உச்சியும் வேண்டும். எங்கே போகலாம், எப்படித் திட்டமிடலாம்?

தேவரியா தால் ஏரிக்கும் சந்திரசிலா உச்சிக்கும் போங்கள். இரண்டுமே உத்தராகண்டில், ருத்ரபிரயாக் மாவட்டத்தில், ஊக்கிமட்டுக்கு மேலே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஏரியின் அடிவாரத்திலிருந்து உச்சியின் அடிவாரத்துக்கு வண்டியிலேயே போய்விடலாம், அதனால் கூட்டத்தில் ஒருவருக்கு முடியாமல் போனால் அவரை வண்டியில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நடக்கலாம், பயணம் கெட்டுப்போகாது. முதல் தடவை போகிற குழுவுக்கு இடத்தின் அழகைவிட இதுதான் முக்கியம் என்பேன்.

மற்ற இடங்களை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இந்நேரம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாராவது காஷ்மீர் ஏரிகளின் வீடியோவை அனுப்பியிருப்பார். விஷன்சர், கட்சர், கங்காபல் என்று ஏரி ஏரியாகப் போகிற அந்தப் பாதை அருமையானதுதான். ஆனால் அதற்கு ஒரு வாரம் வேண்டும், தினமும் கூடாரத்தில் படுக்க வேண்டும், 4,000 மீட்டருக்கு மேல் கணவாய்களைத் தாண்ட வேண்டும், அதற்கும் மேலாக செப்டம்பர் பாதியோடு பருவமே ஏறக்குறைய முடிந்துவிடும். ரூப்குண்ட் 5,000 மீட்டரைத் தாண்டுகிறது, புதியவர்களோடு அந்தப் பேச்சே வேண்டாம். கங்கோத்ரிக்கு மேலே இருக்கும் கேதார்தால் 4,750, அதுவும் அப்படித்தான். சீக்கியர் குருத்வாரா இருக்கும் ஹேம்குண்ட் ஏரியை அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மூடிவிடுகிறார்கள். இமாச்சலத்தில் மண்டிக்கு மேலே பராஷர் ஏரி இருக்கிறது, மிதக்கும் தீவு, மரத்தாலான மூன்றடுக்குக் கோயில் எல்லாம் உண்டு, ஆனால் ஏரிக்குப் பக்கம் வரை வண்டிப் பாதை இருப்பதால் நடந்து போய்ச் சேர்ந்த திருப்தி குறைவு. தர்மசாலா பக்கத்துக் கரேரி ஏரி 2,934 மீட்டர். உங்களிடம் மூன்று நாள்தான் இருக்கிறது என்றால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அங்கே ஏரி சரி, உச்சிதான் கிடையாது. உச்சி வேண்டுமானால் மேலே மின்கியானி கணவாய் வரை ஏற வேண்டும், அது வேறு கணக்கு.

உயரம் பிடிபட வேண்டுமென்றால் நீலகிரியை வைத்து யோசியுங்கள். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. தேவரியா தால் சுமார் 2,440, அதாவது இரண்டுக்கும் நடுவில். உச்சியின் அடிவாரத்தில் நீங்கள் இரண்டு இரவு தங்கப்போகும் சோப்தா சுமார் 2,700, தொட்டபெட்டா உச்சியைவிடக் கொஞ்சம் மேலே. உச்சிக்குப் போகிற வழியில் இருக்கும் துங்கநாத் கோயில் 3,680. சந்திரசிலா ஏறக்குறைய 4,000. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம் சொச்சம்தான் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் வாழ்க்கையில் போயிருக்கிற பெரிய உயரம் தொட்டபெட்டாவோ கொடைக்கானலோதான், அதற்கு மேலே போகும்போது உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. தினமும் ஜிம்முக்குப் போகிற இருபத்தெட்டு வயதுக்காரர் தலைவலியோடு உட்கார்ந்துவிடுவார், அவருடைய அம்மா பாட்டுக்கு ஏறிப் போய்க்கொண்டிருப்பார்.

தேதி. விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் நடுவில் வருகிற வாரங்களைப் பிடியுங்கள். அதற்கு முன்னால் என்றால் வீட்டில் கொலு, வெற்றிலை பாக்குக்கு வருகிறவர்கள், பாதிப் பெண்கள் கிளம்ப மாட்டார்கள். பருவமழையும் உத்தராகண்டை விட்டு செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் முதல் வாரத்தில்தான் விலகும். மழை காற்றிலிருந்த தூசியையெல்லாம் கழுவிவிட்டுப் போன பிறகு வருகிற அந்தச் சில வாரங்களில்தான் மலைகள் வெட்டி வைத்த மாதிரி தெளிவாகத் தெரியும். மே மாதம் போனவர்கள் புழுதி மூட்டத்தில் பாதிச் சிகரங்களைப் பார்க்காமலே திரும்பியிருப்பார்கள். விஜயதசமியிலிருந்து ஐந்தாம் நாள் பௌர்ணமி, முடிந்தால் அதை ஒட்டிப் போங்கள், பனிமலை மேல் நிலா வெளிச்சம் விழுவதை சோப்தாவில் அறை வாசலில் நின்றே பார்க்கலாம். அதே வாரங்களில்தான் டெல்லிக் காற்றும் கெட ஆரம்பிக்கும் என்பதால் ஊரை விட்டுப் போவதற்குத் தனியாகக் காரணமும் தேட வேண்டாம். துங்கநாத் நடை சாத்தும் தேதியை விஜயதசமி அன்று அறிவிப்பார்கள், பெரும்பாலும் நவம்பர் முதல் வாரமாக இருக்கும். அதன்பின் உற்சவ மூர்த்தி கீழே மக்குமட்டுக்குப் போய்விடும், ஆறு மாதம் தரிசனம் அங்கேதான். உங்கள் குழுவில் கோயிலுக்காகவே வருகிறவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அக்டோபர் என்றாலே வெயில்தான் என்று நம்பிவிடாதீர்கள். 2021இல் அக்டோபர் 17லிருந்து 19 வரை உத்தராகண்டில் பெய்த மழையில், முக்கியமாக மாநிலத்தின் கிழக்குப் பகுதியான குமாவுன் பக்கம், பலர் உயிரிழந்தார்கள். உயரமான கணவாய்ப் பாதைகளில் இருந்த மலையேறிகளும் அதில் சிக்கினார்கள். வானிலைத் துறை முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. கிளம்புகிற அன்றும் அதற்கு முந்தின நாளும் அவர்களுடைய மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்று இருந்தால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

வழி: டெல்லியிலிருந்து ஹரித்வார் 220 கிலோமீட்டர் சொச்சம், அங்கிருந்து ஏரியின் அடிவாரமான சாரி கிராமம் இன்னும் ஏறக்குறைய 200. முதல் பாதியை வெள்ளிக்கிழமை இரவு ரயிலிலோ காஷ்மீரி கேட் பஸ்ஸிலோ முடித்துவிட்டு, ஹரித்வாரில் விடிந்ததும் மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய உள்ளூர் ஓட்டுநரோடு டெம்போ டிராவலர் எடுத்துக்கொள்வது நல்லது. டெல்லியிலேயே வண்டி பிடித்து ஒரே ஓட்டுநரை இரவெல்லாம் ஓட்ட வைத்து அடுத்த நாள் பகலில் மலையிலும் ஓட்ட வைப்பதை எத்தனையோ குழுக்கள் செய்கின்றன, நீங்கள் செய்ய வேண்டாம். இருட்டிய பிறகு மலையில் வண்டி ஓடக் கூடாது, இதில் பேரமே கிடையாது. பகலில் போனால் தேவபிரயாகில் அலக்நந்தாவும் பாகீரதியும் சேருகிற இடத்தைப் பார்க்கலாம், இரண்டு நதிக்கும் நிறம் வேறு வேறாக இருப்பது சாலையிலிருந்தே தெரியும். அப்புறம் ஸ்ரீநகர் (இது கர்வால் ஸ்ரீநகர், காஷ்மீர் இல்லை), ருத்ரபிரயாக், குண்ட். குண்டில் பாதை பிரிகிறது, ஒன்று குப்தகாசி வழியாகக் கேதார்நாத்துக்கு, இன்னொன்று ஊக்கிமட்டுக்கு. ஊக்கிமட்டில் ஏடிஎம் இருக்கிறது, கையில் வேண்டிய ரொக்கத்தை அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே போனால் நெட்வொர்க்கையும் நம்ப முடியாது, யுபிஐயையும் நம்ப முடியாது. வளைவுகள் அதிகம், வாந்தி வருகிறவர்கள் மாத்திரையை வண்டி ஏறும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும், வயிறு புரட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை.

சாரி சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் சின்னக் கிராமம், ஹோம்ஸ்டேக்கள் இருக்கின்றன, சனிக்கிழமை இரவு அங்கே. அக்டோபரில் கர்வால் கிராமங்களில் படிப்படியான வயல்களில் தண்டுக்கீரை இனத்து ராம்தானா கதிர் முற்றி அடர்சிவப்பாக நிற்கும். இலையுதிர்காலம் என்றதும் காடே சிவந்துவிடும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன், இங்கே காடு பெரும்பாலும் பசுமை மாறாத ஓக்கும் ரோடோடென்ட்ரானும்தான், இலை உதிர்த்து நிற்காது. நிறம் மாறுவது வயலும் மேலே புல்வெளியும். ரோடோடென்ட்ரான் பூவுக்கு மார்ச், ஏப்ரலில்தான் வர வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். "வெறும் ரொட்டியும் ராஜ்மாவும்தானா" என்று கேட்கப்போகிற மாமிகளுக்குச் சொல்லுங்கள்: கர்வாலிகள் சாப்பிடுகிற மண்டுவா ரொட்டி நம்ம கேழ்வரகு, ஜங்கோரா நம்ம குதிரைவாலி, கஹத் பருப்பு நம்ம கொள்ளு. ஹோம்ஸ்டேயில் முன்கூட்டியே கேட்டால் செய்து தருவார்கள். கேட்காவிட்டால் டெல்லியிலிருந்து வந்தவர்கள் என்று பனீர்தான் வரும். முதல் நாள் பயணத்துக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள், நடக்கும்போது பைக்குள் கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் போதும்.

இப்போது ஏரி. சாரியிலிருந்து இரண்டரை, மூன்று கிலோமீட்டர் ஏற்றம், உயர வித்தியாசம் 400 மீட்டர் சொச்சம், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். இதற்கு மட்டும் ஞாயிறு அதிகாலை நாலு மணிக்குள் டார்ச்சோடு கிளம்பிவிடுங்கள். காரணம் தண்ணீர். தேவரியா தாலின் பெருமையே சௌகம்பா சிகரம் அதில் தலைகீழாகத் தெரிவதுதான், தண்ணீர் அசையாமல் இருந்தால்தான் அது தெரியும். வெயில் ஏறி நிலம் சூடாக ஆரம்பித்ததும் காற்று எழும்பும், தண்ணீரில் சுருக்கம் விழும், அப்புறம் அது வெறும் பச்சைக் குட்டைதான். பத்து மணிக்கு மேல் வியர்க்க விறுவிறுக்க வந்து "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று கேட்கிற கூட்டத்தை அங்கே தினமும் பார்க்கலாம். அவர்கள் கேட்பதும் நியாயம்தான், ஏனென்றால் ஏரி சின்னது. நைனிதாலை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும், கரையைச் சுற்றி வர கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் விடியும்போதே அங்கே இருந்தீர்களானால் முதலில் 7,138 மீட்டர் சௌகம்பாவின் நுனி மட்டும் மஞ்சளாகும், பிறகு அந்த மஞ்சள் பனிச்சரிவில் கீழே கீழே இறங்கிவரும், தண்ணீரில் அதே மஞ்சள் எதிர்த்திசையில் மேலே ஏறிவரும், கரைப் புல்லில் உறைபனி வெள்ளையாக இருக்கும், செருப்போடு வந்தவர் கால்விரலைத் தேய்த்துக்கொண்டு நிற்பார். மழைக்காலம் முடிந்த கையோடு போவதால் ஏரியில் தண்ணீரும் நிறைய இருக்கும். பக்கத்தில் வனத்துறையின் கண்காணிப்புக் கோபுரம் ஒன்று உண்டு. ஏறிப் பார்க்க அனுமதித்தால் பையனை அழைத்துப் போங்கள்.

யட்சன் தருமரிடம் கேள்வி கேட்ட நச்சுப் பொய்கை இதுதான் என்று உள்ளூரில் சொல்வார்கள். மகாபாரதத்தில் அந்தக் கதை துவைத வனத்தில் நடக்கிறது, பாகிஸ்தானில் கடாஸ்ராஜ் குளத்தையும் இதே பொய்கை என்று சொல்கிறார்கள், அதனால் நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒன்பது வயதுப் பையனை இருட்டில் மலையேற வைக்க இதைவிட நல்ல கதை கிடைக்காது. நாலு தம்பிகளும் தண்ணீர் குடித்து விழுந்துவிட்டார்கள் என்கிற இடத்தில் கதையை நிறுத்திவிட்டு "மீதி மேலே போய்" என்று சொல்லிவிடுங்கள், அவனே முன்னால் ஓடுவான்.

ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இந்த இடம் கேதார்நாத் வன உயிரினச் சரணாலயத்தை ஒட்டியது, அதோடு 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. சாரியில் அறை இருக்கும்போது உங்களுக்கு இந்தத் தலைவலி எதற்கு? நன்றாக நடக்கிறவர்கள் "ஏரியிலிருந்து காட்டு வழியாகவே சோப்தாவுக்குப் போய்விடலாமே, ரோஹிணி புக்யால் வழியாகப் பதினாறு கிலோமீட்டர்தானே" என்பார்கள். நல்ல பாதைதான், ஆனால் வழியில் கடை கிடையாது, தண்ணீர் குறைவு, விடியுமுன் சாரியிலிருந்து ஏறி வந்த கால்களோடு ஒரே நாளில் நடக்கிற தூரம் அது இல்லை. உங்கள் ஐந்து நாளில் அதற்கு இடமில்லை, அடுத்த வருஷம் அவர்கள் மட்டும் தனியாகப் போகட்டும்.

ஏரியிலிருந்து இறங்கிச் சாரியில் மத்தியானச் சாப்பாடு, அங்கிருந்து வண்டியில் சோப்தா அல்லது அதற்குச் சற்று முன்னால் பனியாகுண்ட். திங்கட்கிழமையைச் சும்மா விடுங்கள். சும்மா என்றால் படுத்துக் கிடப்பது இல்லை, காலையில் துங்கநாத் பாதையிலேயே ஒரு மணி நேரம் ஏறி, ஒரு டீ குடித்துவிட்டு இறங்கி வருவது. மொனால் பறவை, அந்த மாநிலத்தின் பறவை, அந்தக் காட்டோரங்களில் உண்டு, விடியற்காலையில் சத்தம் போடாமல் நடந்தால் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. பதினான்கு பேர் சத்தம் போடாமல் நடப்பது உங்கள் சாமர்த்தியம். இந்த நாளை வீண் என்று நினைத்து வெட்டிவிட்டு, ஏரி முடிந்த மறுநாளே உச்சிக்குப் போகிற திட்டத்தை ஏஜெண்டுகள் விற்பார்கள். வெட்டாதீர்கள். உடம்பு 2,700 மீட்டரில் இரண்டு இரவு தூங்கிவிட்டு 4,000க்குப் போய் அன்றே இறங்குவதற்கும், வந்த மறுநாளே போவதற்கும் உள்ள வித்தியாசம் மேலே போனதும் தலையில் தெரியும்.

உச்சிக்கு எல்லோரும் சொல்லப்போவது சூர்யோதயம். "அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் சூர்யோதயத்துக்கு மேலே இருக்கலாம்." புதியவர்கள் இருக்கிற குழுவுக்கு நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், சோப்தாவிலிருந்து துங்கநாத் மூன்றரை, நாலு கிலோமீட்டர், கிட்டத்தட்ட 1,000 மீட்டர் ஏற்றம், கல் பாவிய பாதை. அங்கிருந்து சந்திரசிலாவுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர், இது கல் பாவாத செங்குத்தான மண்ணும் பாறையும். பழக்கமில்லாதவர்களுக்கு மொத்தம் நாலைந்து மணி நேரம் ஆகும். அதை இருட்டில், பூஜ்யத்தை ஒட்டிய குளிரில், தூக்கம் கெட்டு, வெறும் வயிற்றில், உறைபனி படிந்து வழுக்குகிற கல்லில் ஏற வைக்கிறீர்கள். இருட்டில் யார் முகம் வெளிறியிருக்கிறது, யார் தள்ளாடுகிறார் என்று தெரியாது. நேரத்துக்கு மேலே போக வேண்டும் என்ற அவசரத்தில் வேகமாகப் போகிறவர்கள் முன்னால் போய்விடுவார்கள், மெதுவாக நடக்கிறவர்கள் பின்தங்கி மூச்சு வாங்கிக்கொண்டே ஓடப் பார்ப்பார்கள். உயரத்தில் காற்று குறைவதால் வருகிற மலைநோய்க்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் கிடையாது. இவ்வளவும் எதற்கு? சிகரங்கள் விடிந்த நிமிடத்தோடு மறைந்துவிடுவதில்லை. அக்டோபரில் பக்கவாட்டு வெளிச்சம் ஒன்பது மணி வரைக்கும் நன்றாகவே இருக்கும். மேகம் கிளம்புவது பத்து, பதினொன்றுக்கு மேல், பள்ளத்தாக்கில் வெயில் பட்டுச் சூடான ஈரக்காற்று சரிவு வழியாக மேலேறும்போது.

ஆகவே நாலே முக்கால், ஐந்து மணிக்கு ஒரு டம்ளர் சூடான கஞ்சியோ டீயும் பிஸ்கட்டுமோ வயிற்றில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். பாதி வழியில் விடியும், துங்கநாத்தில் ஏழரை, எட்டு மணிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு சாமி கும்பிடலாம். கர்வாலின் ஐந்து சிவத்தலங்களான பஞ்சகேதாரத்தில் மூன்றாவது, ஈசனின் புஜங்கள் வெளிப்பட்ட இடம் என்று ஐதீகம், சிவன் கோயில்களில் மிக உயரத்தில் இருப்பது என்று சொல்வார்கள். தேவாரத்தில் சம்பந்தரும் சுந்தரரும் பாடியது கேதாரத்தை, துங்கநாத்துக்குப் பதிகம் கிடையாது. பூசை செய்கிறவர்கள் கீழே மக்குமட் ஊர்க்காரர்கள். கேதாரில் கர்நாடக வீரசைவர், பத்ரியில் கேரள நம்பூதிரி என்கிற ஏற்பாடு இங்கே இல்லை. கோயில் சின்னது, கல்லை வெட்டி அடுக்கியது, தரை பாதத்தில் ஊசி குத்துகிற மாதிரி சில்லென்று இருக்கும். கெட்டியான காலுறை ஒன்று தனியாக வைத்திருங்கள்.

கோயிலுக்கு மேலே போகிறவர்கள் ஒன்பது, ஒன்பதரைக்கு உச்சியில் இருப்பார்கள். ஒரு சின்ன கங்கா கோயில், யார் யாரோ அடுக்கி வைத்த கற்குவியல்கள், நாலு பக்கமும் வெளி. கிழக்கே நந்தாதேவி 7,816, திரிசூல் 7,120, எதிரே சௌகம்பா, அதற்கு இடப்பக்கம் கேதார்நாத் சிகரம் 6,940, மேற்கே தூரத்தில் பந்தர்பூஞ்ச். கூட்டத்தில் ஒருவராவது முந்தின நாளே வரைபடத்தைப் பார்த்து எது எது என்று தெரிந்து வைத்துக்கொண்டு வந்தால் அந்த அரை மணி நேரம் செல்ஃபியோடு தீர்ந்துபோகாது. பதினோரு மணி ஆனால் யார் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும். உச்சிக்கு நூறு மீட்டர்தான் பாக்கி என்றாலும் சரி. இதை மேலே போய் முடிவு செய்ய முடியாது, முந்தின இரவு சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் ஒத்துக்கொள்ள வைத்துவிட வேண்டும்.

பதினான்கு பேரைக் கூட்டமாக வைத்திருப்பதுதான் உண்மையான வேலை. உள்ளூர் வழிகாட்டி ஒருவர் முன்னால், உங்களில் பொறுமையும் தெம்பும் உள்ள ஒருவர் கடைசியில். முன்னால் இருப்பவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது, கடைசியாளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. நடையின் வேகம் மெதுவாக நடப்பவருடைய வேகம். அரை மணிக்கு ஒரு நிறுத்தம் போடுவீர்கள் அல்லவா, அங்கே ஒரு சின்ன அநியாயம் நடக்கும், கவனித்திருக்கிறீர்களா? முன்னால் வந்தவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பிஸ்கட் தின்று முடித்திருப்பார்கள், கடைசி ஆள் வந்து சேர்ந்த உடனே "சரி, போலாமா" என்று எழுந்துவிடுவார்கள். பாவம், யாருக்கு ஓய்வு வேண்டுமோ அவருக்கு மட்டும் ஓய்வு கிடைக்காது. கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஐந்து நிமிடக் கணக்கு தொடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைநோய் அறிகுறி: தலைவலி, கூடவே குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, வழக்கமில்லாத சோர்வு. வெறும் தலைவலி என்றால் தண்ணீர் குடித்து உட்கார்ந்து பார்க்கலாம். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அன்றைக்கு ஏற்றம் முடிந்தது, ஒருவர் துணையோடு கீழே அனுப்புங்கள். நேர்கோட்டில் குதிகால், விரல் என்று ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள், தடுமாறினாலோ பேச்சு குழறினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இறக்கிவிட வேண்டும், இறங்குவதுதான் மருந்து. மலைநோய் வராமல் இருக்கத் தருகிற டயமாக்ஸ் மாத்திரையை ஆளுக்கொன்று பிரசாதம் மாதிரி விநியோகிக்கிற பழக்கம் குழுக்களில் இருக்கிறது, சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம், டெல்லியிலேயே அவரவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மேலே இருக்கும் நாட்களில் மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

துணிமணி பற்றி எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் சொல்வது ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி பனியன் வேண்டாம் (வியர்வையில் நனைந்து முதுகில் ஐஸாக ஒட்டும்), உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்று புகாத ஒன்று, குல்லா, கையுறை, ஹெட் டார்ச், பவர் பேங்க். ஷூவைப் புதிதாக வாங்கினால் இரண்டு வாரமாவது டெல்லியில் போட்டு நடந்துவிட்டுக் கொண்டுவாருங்கள். இறங்கும்போது முழங்கால் பேசும், கைத்தடி ஆளுக்கொன்று அவசியம். ஒரு மாதம் முன்பிலிருந்து லிஃப்ட்டை விட்டுப் படியேறுங்கள், ஏறுவதோடு இறங்கவும் செய்யுங்கள். பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

மாமா விஷயம். முதலில் அவருடைய மருத்துவர் சரி என்று சொல்ல வேண்டும், ஈசிஜியோடு. சரி என்றால் ஏரிக்குத் தாராளமாக வரலாம், உச்சி வேண்டாம், துங்கநாத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். சோப்தாவிலிருந்து துங்கநாத்துக்குக் குதிரை, கோவேறு கழுதை கிடைக்கும், ஆனால் குதிரையில் போனாலும் உயரம் உயரம்தான், உட்கார்ந்து போவதால் குளிர் இன்னும் அதிகமாகத் தெரியும், இறங்குவது நடந்துதான் நல்லது. அவர் கூட ஒருவர் நிற்க வேண்டும், அது யார் என்று முன்பே பேசிவையுங்கள், இல்லையென்றால் கடைசி நேரத்தில் அது அவருடைய மருமகள் தலையில்தான் விழும். பையனைப் பற்றி எனக்குப் பயமில்லை. குழந்தைகள் தலைவலி என்று தெளிவாகச் சொல்ல மாட்டார்கள், சிடுசிடுப்பார்கள் அல்லது சாப்பிட மறுப்பார்கள், அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று நிச்சயம் வரும். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், குண்ட்லேர்ந்து பக்கம்தானே, கேதாரும் போய்ட்டு வந்துடலாமே." கௌரிகுண்டிலிருந்து பதினாறு கிலோமீட்டருக்கு மேல் நடை, 3,583 மீட்டர், யாத்திரைப் பதிவு தனியாகச் செய்திருக்க வேண்டும். ஐந்து நாளில் இரண்டும் செய்தால் இரண்டுமே ஓட்டமாகத்தான் இருக்கும். ஆசையைத் தீர்க்க ஊக்கிமட் ஓங்காரேஸ்வரர் கோயிலில் நிறுத்துங்கள், குளிர்காலத்தில் கேதார்நாதரின் உற்சவ மூர்த்தி வந்து தங்குகிற இடம் அது.

செவ்வாய்க்கிழமை உச்சியிலிருந்து இறங்கியதும் அன்றே டெல்லி என்று வண்டியை விரட்ட வேண்டாம், வெளிச்சம் இருக்கும்வரை ஓட்டி ருத்ரபிரயாகிலோ கர்வால் ஸ்ரீநகரிலோ தங்குங்கள், புதன் இரவு வீடு. ஆள் கணக்கு பற்றிக் கடைசியாக: வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் தூக்கியவர்களை எண்ணாதீர்கள், பணம் அனுப்பியவர்களை எண்ணுங்கள். விஜயதசமி தீபாவளிக்கு நடுவில் வங்காளத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் கூட்டம் வரும், சோப்தாவில் அறைகளோ கொஞ்சம்தான், ஆகஸ்ட் கடைசிக்குள் முன்பணம் கட்டிவிடுங்கள்.